பிரம்மகமலம் என்னும் கள்ளி

ஆடி பிறந்து மழை ஊன்றிய பிறகு, பெங்களூர் சிவாஜிநகரின் சந்துகளில் ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஜனங்கள் கூடி நின்றால், அது சண்டையென்றோ சாவென்றோ அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் அவ்வீட்டு மாடிப்படியோரத்தில் ஒரு பூ மலர்ந்துகொண்டிருக்கும். சாயங்காலம் வரை கூம்பிக் கிடந்த அரும்பு, எட்டு மணி சுமாருக்கு வாய் நெகிழ்ந்து, நடுநிசிக்குள் ஒரு சாண் அகலத்துக்கு விரிந்து, தெருவெல்லாம் மணத்தைப் பரப்பி, விடியுமுன் தலை தொங்கிப் போய்விடும். வீட்டுக்காரர்கள் அதன் முன்னே விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, பழமும் சர்க்கரையும் வைத்து நிவேதனம் செய்கிறார்கள். அண்டை அயலார் மதபேதமின்றி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பூவின் உள்ளே எட்டிப் பார்த்தால் அனந்தசயனம் கொண்ட திருமால் தெரிவார் என்பது ஐதிகம்: மேல்நோக்கி வளைந்த காம்புக் குழல் ஆதிசேஷனாம், அடர்ந்து சாய்ந்த மெல்லிய கேசரங்கள் பாம்பணையாம், அவற்றின் மேல் நீண்டு, முனையில் பல கிளையாகப் பிரிந்து நிற்கும் சூல்முடி எம்பெருமானாம். அதற்குப் பிரம்மகமலம் என்று பெயர்.

அது பிரம்மகமலம் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். அப்பெயருக்குரிய மலர் இமயத்தின் உயரங்களில், பதினோராயிரம் அடிக்கு மேலுள்ள பாறைச் சரிவுகளில், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் வெளிறிய மெல்லிய மடல்களைப் போர்த்துக்கொண்டு பூப்பது. கேதாரத்திலும் பத்ரியிலும் ஸ்வாமிக்குச் சாத்தப்படுவது. இன்று உத்தராகண்ட மாநிலத்தின் மலராக விளங்குவது. சிவாஜிநகரில் பூப்பதோ, மெக்ஸிகோவின் தென்பகுதி தொடங்கி மத்திய அமெரிக்கா வரையுள்ள ஈரக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் ஒரு கள்ளி. எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம் என்பது அதன் சாஸ்திரப் பெயர். ஐரோப்பியத் தாவர சாஸ்திரிகள் 1828-லும் அதற்கு அடுத்த ஆண்டிலுமாக அதைக் குறித்து எழுதி, கள்ளிக் குடும்பத்தில் அதற்கு இடம் வகுத்தார்கள். தாமரைக்கும் அதற்கும் உறவு கிடையாது. பிரம்மனுக்கும் அதற்கும் உறவுண்டா என்பதைப் பிரம்மன்தான் சொல்ல வேண்டும்.

பெயரைத் தவறாக அறிந்து, பிறப்பைத் தவறாக அறிந்து, வேறொன்றுக்குரிய மகிமையை இதன்மேல் ஏற்றிச் செய்யும் வழிபாடு வழிபாடாகுமா என்பதே கேள்வி. கல்லூரியில் தாவர சாஸ்திரம் படிக்கும் பேரன் கூட்டத்தின் நடுவே நின்று, “பாட்டி, இது வெறும் கேக்டஸ்” என்று சொல்லிச் சிரிக்கிறான். பாட்டி, “போடா, உனக்கு என்ன தெரியும்” என்று சொல்லிக் கற்பூரச் சுடரைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், அறிவின் பக்கம் என்றோ பக்தியின் பக்கம் என்றோ அவரவர் சுபாவத்துக்கேற்ப ஒரு விடை சொல்லிவிடுவார்கள். எனக்கோ அவ்விருவருக்கும் பொதுவான ஒரு குறையே முதலில் கண்ணில் படுகிறது: செடி நட்டிருக்கும் டின்னை இருவருமே பார்க்கவில்லை.

பிரமை என்னும் விஷயத்தை நம் தரிசனங்கள் தலைமுறை தலைமுறையாக வாதித்து வந்திருக்கின்றன. கயிற்றில் தோன்றிய பாம்பு உள்ளதும் அன்று, இல்லதும் அன்று, இன்னதென்று சொல்ல ஒண்ணாத அநிர்வசனீயம் என்பர் அத்வைதிகள். வேறோரிடத்தில் கண்ட பொருளை இவ்விடத்துப் பொருளின்மேல் வைத்து மாறாக அறிவதே பிரமை என்பர் நையாயிகர். பத்ரிநாதத்தில் சாத்தும் மலரின் மகிமையைச் சிவாஜிநகரின் மாடிப்படியில் காண்பவர்களுக்கு இந்த விளக்கம் அளந்து தைத்ததுபோல் பொருந்துகிறது. ஆனால் இவ்விஷயத்தில் எல்லோரினும் தாராளமாகப் பேசியவர் ராமாநுஜர். அறிவு ஒன்று எழுந்தால் அதற்கு விஷயமாக உள்ள பொருள் ஒன்று இருந்தே தீரும். சிப்பியில் வெள்ளியைக் கண்டவன் அதில் கலந்துள்ள வெள்ளியின் அம்சத்தையே கண்டான். பூதங்கள் ஒன்றோடொன்று கலந்தே பொருள்கள் ஆகியிருப்பதால் அக்காட்சி முழுப்பொய் ஆகாது என்பது அவர் சித்தாந்தம். சேதனமும் அசேதனமுமான பிரபஞ்சம் முழுவதும் இறைவனுக்குச் சரீரம் என்று கொண்டவருக்கு, மெக்ஸிகோக் கள்ளியின் பூவுக்குள் மட்டும் திருமால் இல்லாமற் போவானா? ஆகவே விசிஷ்டாத்வைதியின் கணக்கில் பாட்டி ஜெயித்துவிட்டாள் என்றே தோன்றும். எனினும் அதே சித்தாந்தத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. சிப்பியில் வெள்ளியின் அம்சம் இருந்தபோதிலும் அது அற்பமாதலால், வெள்ளிக்குரிய வியவகாரத்துக்கு அது உதவாது. தட்டானிடம் கொண்டுபோய்க் கொலுசு அடிக்கச் சொன்னால் அப்போது தெரிந்துவிடும். காட்சியில் வராத சங்கடம் கையாளும்போது வருகிறது. இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கடவுளைப் பொறுத்தவரை நம் தவறுகளுக்கு அளவற்ற இடம் உண்டு. பௌத்த வேஷத்தைக் களையாமலே நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லை வீசி எறிந்துவிட்டு உணவு கொண்ட சாக்கிய நாயனாரைப் பெரியபுராணம் அடியார் வரிசையில் வைக்கிறது. எறிந்த கல் மலராக ஏற்கப்பட்டது. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில், வேறு தெய்வங்களைச் சிரத்தையோடு வழிபடுவோரும் விதி தவறியேனும் தன்னையே வழிபடுகிறார்கள் என்று கண்ணன் சொல்லும் இருபத்து மூன்றாம் சுலோகத்தை, சர்வமத சமரசம் பேசுகிற பிரசங்கிகள் அனைவரும் எடுத்தாளுகிறார்கள். அதற்கு அடுத்த சுலோகத்தை அவர்களில் பலர் தொடுவதில்லை. தன்னை உள்ளபடி அறியாமையால் அவர்கள் நழுவிப் போகிறார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறது. ஏற்றுக்கொள்வது ஒன்று, அறியாமையால் வரும் நஷ்டம் வேறொன்று என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பேசியதுதான் அந்த நூலின் நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

தூர தேசத்துத் தெய்வீகத்தைத் தன் வீட்டு வழக்கத்தில் ஏற்றுக்கொள்வது சிவாஜிநகர் வாசிகளுக்குப் புதிய பாடமும் அன்று. பிளாக்பள்ளி என்று முன்னாளில் வழங்கிய இந்தப் பேட்டைக்குச் செஞ்சிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் தொடங்கி, இந்தியரைப் போலவே உடுத்து உண்டு வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவாவின் காலத்துச் சிற்றாலயத்தைக் கடந்து, 1882-ல் இன்றைய கோபுரத்தோடு எழுந்த மரியன்னை பேராலயத்தில், மாதாவுக்குச் சேலை உடுத்தியிருக்கிறார்கள். செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்குக் காவிச் சேலை கட்டி விரதமிருந்து வரும் பெண்களில் கிறிஸ்தவர் அல்லாதாரும் பலர். கள்ளியின் தாய்நாட்டிலும் இதே கதைதான்: 1531-ல் மாதா காட்சி கொடுத்ததாக மெக்ஸிகோ மக்கள் நம்பும் தெப்பேயாக் குன்று, அதற்கு முன்பு தோனாண்ட்சின் என்னும் பூர்வ குடித் தாய்த் தெய்வத்தின் தலமாக இருந்ததென்று ஸ்பானியத் துறவியர் எழுதி வைத்திருக்கிறார்கள். கள்ளியின்மேல் கழுகு வந்து அமர்ந்த இடத்தைக் குலதெய்வம் காட்டிய அடையாளமாகக் கொண்டு ஆஸ்டெக் ஜனங்கள் தங்கள் தலைநகரை எழுப்பினார்கள். அந்தக் கழுகும் கள்ளியும் இன்றும் அந்நாட்டுக் கொடியில் இருக்கின்றன. நம் வங்காளத்தில் இலைக்கள்ளிக் கிளையை நட்டு அதில் மனசா தேவியை எழுந்தருளச் செய்கிறார்கள். ஆகவே முள்ளும் கள்ளியும் தெய்வம் உறைவதற்குத் தகாதவை என்று சொல்ல எந்த நாட்டு மரபிலும் இடமில்லை. வீட்டில் முட்செடி வைத்தால் கலகம் வரும் என்கிற மனையடி சாஸ்திரக்காரர்களின் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. முட்செடி இல்லாத வீடுகளில் கலகம் குறைவு என்று அவர்களில் எவரும் காட்டியதில்லை.

ஆனால் கடவுளின் பொறுமையை உயிர்களின்மேலும் ஏற்றிப் பேசக்கூடாது என்பதற்குக் கள்ளியின் சரித்திரமே சாட்சி. 1786-ல், சென்னையில் கம்பெனி வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், புல்லில் ஒரு பூச்சியைக் கண்டு, ஸ்பானியர்கள் மெக்ஸிகோவில் பொத்திப் பொத்திக் காத்த செஞ்சாயப் பூச்சி இதுவே என்று நம்பிச் சீமைக்குக் கடிதங்கள் எழுதினார். அது வேறு பூச்சி. அவர் ஊக்கம் அத்துடன் அடங்காமல், உண்மையான சாயப் பூச்சி என்றாவது வந்து சேர்ந்தால் அதற்கு இரையாக வேண்டுமென்று சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போடப்பட்டது. 1795-ல் காப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தபோது, தேடியது கிடைத்துவிட்டதாகவே கொண்டாடினார்கள். வந்தது அதன் காட்டினம். சாயம் மட்டம், பசி பெரிது. கள்ளிப் பட்டையில் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் அந்தப் பூச்சியை விரலால் நசுக்கினால் இரத்தம் போன்ற சிவப்பு வரும். ஆனால் வியாபாரத்துக்கு அந்தச் சிவப்பு போதவில்லை. சாயத்துக்காக வளர்த்த கள்ளியைப் பூச்சி தின்று தீர்த்தது. அதைக் கண்டவர்கள் 1836 முதல் 1838 வரை அதே பூச்சியைத் தென்னாட்டிலும் விட்டு, வயல்களை அடைத்து நின்ற கள்ளியை அழித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனிதர் எல்லாவற்றையும் சப்பாத்திக்கள்ளி என்று ஒரே பெயரால் அழைத்தனர். பூச்சியோ ஒரு வகையை வேரோடு மாய்த்துவிட்டு, பக்கத்திலேயே வளர்ந்த மற்றொரு வகையை வாயில் வைக்கவில்லை. தப்பிய வகை பின்னர் வேலிகளிலிருந்து பரவி நாட்டைப் பிடித்துக்கொள்ள, அதற்கென்றே 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியை வரவழைக்க வேண்டியதாயிற்று. சுபாவம் என்று சாஸ்திரங்கள் சொல்வது எவ்வளவு கறாரான வஸ்து என்பதை இந்தப் பூச்சிகளிடம் கற்கலாம்.

இனி அந்த டின்னைப் பார்ப்போம். சிவாஜிநகரில் பழைய வீடுகளின் மாடிப்படியோரத்தில் இச்செடி இருக்கும் கோலம் அநேகமாக ஒன்றுதான்: வண்ணம் பூசி முடித்த டின் ஒன்று, துருவேறி, அடி பிளந்து நிற்கும், செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, தன் பாரத்தைத் தானே தாங்காமல் சாய, யாரோ பழஞ்சேலைக் கிழிசலால் அதை ஜன்னல் கம்பியோடு கட்டியிருப்பார்கள். அடித்தண்டு விரல் பருமனில் உருண்டு, பழுப்பேறி, மரப்பட்டை போல வெடித்திருக்கும். மேலே போகப் போக அதுவே தட்டையாகி, இலையென்று எல்லோரும் எண்ணும் நீண்ட பச்சைப் பட்டையாகும். அது இலையன்று, தண்டே. விளிம்பு அலையலையாக வெட்டுப்பட்டிருக்க, ஒவ்வொரு வெட்டின் பள்ளத்திலும் கடுகளவு புள்ளி ஒன்று இருக்கும். புதுக்கிளை தோன்றுவதும் அரும்பு கட்டுவதும் அந்தப் புள்ளியில்தான். மற்றக் கள்ளிகளில் முட்கொத்து பிறப்பதும் அதே புள்ளியில்தான். முள்ளைப் பார்த்துக் கள்ளியென்பது பாமர வழக்கம். முள் பிறக்கும் இந்தப் புள்ளியைப் பார்த்துச் சொல்வது சாஸ்திர வழக்கம். நம் சங்கப் புலவர்கள் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் கண்டு பாடிய கள்ளிக்கு இந்தப் புள்ளி கிடையாது. கிள்ளினால் கண்ணுக்கு ஆகாத பால் வடியும் அந்தச் சதுரக்கள்ளி வகையெல்லாம் வேறு குடும்பம். மாடிப்படியோரத்துச் செடியைக் கிள்ளினால் பால் வராது, வழுவழுப்பான நீர்தான் கசியும்.

முதுமையையும் நோயையும் பிரித்தறிவது அடுத்த காரியம். அடித்தண்டு பழுப்பாக இருப்பதைக் கண்டதும் அழுகிவிட்டதென்று வெட்டி எறிவோர் உண்டு. நகத்தால் அழுத்திப் பார்த்தால் விஷயம் தெரியும்: கட்டையாக எதிர்த்தால் வயது, மெத்தென்று அமுங்கினால் அழுகல். பட்டையின் பச்சை வெளுத்து மஞ்சளித்திருந்தால் வெயில் மிகுதி என்று பொருள். சுருங்கித் துவண்டிருந்தால் தண்ணீர் இல்லை என்றும் கொள்ளலாம், தண்ணீர் அதிகமாகி வேர் செத்துவிட்டது என்றும் கொள்ளலாம். இந்த இரண்டு நேர்மாறான காரணங்களுக்கும் செடி காட்டும் முகக்குறி ஒன்றாக இருப்பதுதான் பேணுகிறவர்களுக்குப் பெரிய சோதனை. வேரைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் பார்த்த ஒரு செடி இந்த இரண்டாவது நிலையில் இருந்தது. அந்த வீட்டு அம்மாள், “சாமி குந்திக்கினு இருக்கற பூவு சார் இது. பூக்கற அன்னிக்குத் தெருவே வந்து கும்பிடும். மத்த நாள்ல துணி காயப்போட இடைஞ்சல்னு காலாலேயே ஒதுக்கிட்டுப் போவாங்க” என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் ஒருவர் மட்டும் அதை ஒதுக்கியதில்லை. துளசிக்கு ஊற்றி மீந்த தண்ணீரையும், வெள்ளிக்கிழமைகளில் அபிஷேகம் செய்த பாலையும் மஞ்சள் நீரையும் கால்படாத இடத்தில் சேர்க்க வேண்டுமென்று இந்த டின்னிலேயே ஊற்றி வந்தார். டின்னை விட்டு எடுத்துப் பார்த்தபோது மண் சேறாகிப் புளித்து நாறியது. வேரில் முக்கால் பங்கு கறுத்திருந்தது. “அம்மா, இதுக்கு நோவே நீங்க ஊத்துன தண்ணிதான்” என்று உடன் வந்த தோட்டக்காரர் சொன்னதும், அந்த அம்மாள் முகம் போன போக்கைக் கண்டு எனக்கு வருத்தமாக இருந்தது. தெருவார் புறக்கணித்தார்கள், செடி அதைத் தாங்கியது. இவர் பக்தியோடு பேணினார். அதைத்தான் அது தாங்கவில்லை.

பழைய கள்ளிகளின் விஷயத்தில் இது அபூர்வமும் அன்று. வருஷக்கணக்கில் எவரும் திரும்பிப் பாராத செடி, தன் தண்டில் சேர்த்த நீரைக் கொண்டு, வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, எப்படியோ காலந்தள்ளிவிடும். ஒருநாள் எவருக்கேனும் அதன்மேல் திடீர்க் கருணை பிறக்கிறது. பெரிய தொட்டி, கொழுத்த எரு, காலை மாலை தண்ணீர் என்று உபசாரம் நடக்கிறது. அந்த மழைக்காலத்தைக்கூட அது தாண்டுவதில்லை. பிரம்மகமலம் என்ற பெயரைக் கேட்டவர்கள் கமலத்துக்கு வேண்டிய தண்ணீரைக் கொட்டுகிறார்கள். கேக்டஸ் என்ற பெயரைப் படித்த பேரனிடம் விட்டாலோ, பாலைவனத்துச் செடி என்று மொட்டை மாடியில் உச்சி வெயிலில் வைத்து, தண்ணீரை அடியோடு நிறுத்திவிடுவான். இதுவோ காட்டு மரத்தின் நிழலில், கிளையிடுக்கில் சேர்ந்த மக்கிய இலையில் வேர்விட்டு, நனைந்து நனைந்து உடனே உலரும் சுபாவம் உடையது. புராணப் பெயரும் அதற்கு உதவவில்லை, சாஸ்திரப் பெயரும் உதவவில்லை. பெயர் தெரிந்தவனுக்கு அந்தப் பொருள் தெரிந்துவிட்டதாக ஒரு மயக்கம் உண்டாகிறதே, அந்த மயக்கம் பாட்டியிடம் இருப்பதைவிடப் பேரனிடம் ஆழமாக இருக்கிறது. அவன் அறிந்த பெயர் அச்சிட்ட புத்தகத்தில் இருப்பதுதான் காரணம்.

ராமாநுஜர் வைத்த நிபந்தனையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். காட்சியில் பாட்டி கண்டது பொய்யன்று. வியவகாரத்தில், அதாவது தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்த க்ஷணத்தில், அந்தக் காட்சி போதாமற் போகிறது. சாக்கிய நாயனாரின் கல்லை மலராக ஏற்றவன் ஈசன். இந்தச் செடியின்மேல் கல்லை எறிந்தால் கிளைதான் முறியும். இறைவன் எந்தப் பெயருக்கும் செவிசாய்ப்பவன் என்றால், ஜீவன் தன் சுபாவத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது. எனவே தெய்வத்தை வழிபடும்போது அறியாமை மன்னிக்கப்படலாம். உயிருள்ள ஒன்றை வழிபடும்போது மன்னிப்பவர் வேறு, அவஸ்தைப்படுவது வேறு.

சைவ சித்தாந்திகள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகள் வகுத்து, கோயில் கூட்டுதலும் நந்தவனம் வைத்தலுமாகிய உடலுழைப்பைச் சரியை என்று முதற்படியில் வைத்தார்கள். தாயுமானவர் இந்நான்கையும் அரும்பு முதல் கனி வரையிலான வளர்ச்சியாகக் கண்டவர். நந்தவனத்தை முதற்படியிலும் ஞானத்தை நான்காம் படியிலும் வைத்த இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு சிறு ஆட்சேபம் உண்டு. செடி பேணுகிறவனுக்கு ஞானம் கடைசியில் வந்தால் போதாது. முதல் செம்புத் தண்ணீரோடு கூடவே வர வேண்டும். அப்பரடிகள் கையில் ஏந்திய உழவாரத்தை நினைத்துப் பாருங்கள். கோயில் முற்றத்தில் முளைத்த முள்ளையும் புல்லையும் செதுக்கிய கருவி அது. அதன்முன் கள்ளிக்குத் தயை கிடைத்திராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆயினும் எதைச் செதுக்குவது, எதை விட்டுவைப்பது என்று அறியாத கையில் உழவாரம் இருந்தால் நந்தவனம் மிஞ்சாது. சரியைக்குள்ளேயே ஒரு ஞானம் இருக்கிறது. சித்தாந்திகள் அதைத் தனியே பெயரிட்டு எண்ணவில்லை, அவ்வளவுதான்.

அதே தாயுமானவர், காணும் மலரிலெல்லாம் இறைவனே இருப்பதால் பூசைக்கென்று பூப்பறிக்கவும் மனம் துணியாமல் நின்றார். ரஸல் மார்க்கெட் வாசலில் முழக்கணக்கில் மல்லிகையும் கனகாம்பரமும் வாங்கிச் சாத்துகிற நமக்கு அந்தக் கூச்சம் வெகுதூரம். ஆனால் இந்தக் கள்ளிப் பூவின் விஷயத்தில் மட்டும் ஜனங்கள் தாமறியாமலே அவர் வழிக்கு வந்துவிடுகிறார்கள். அதைப் பறித்துச் சாத்துவோர் சிலரே. பெரும்பாலோர் செடியிலேயே விட்டு, அதற்கே விளக்கேற்றுகிறார்கள். மற்ற நாளெல்லாம் மலர் தெய்வத்துக்கு உபசாரம். அந்த ஒரு ராத்திரி மலரே தெய்வம். இவ்வளவு உயர்ந்த நிலைக்கு ஏற்றிய பொருளை மறுநாள் காலையில் துணிக்கொடிக்கு இடைஞ்சலென்று காலால் ஒதுக்குவதுதான் எனக்கு விளங்காத அத்வைதம்.

அந்த வீட்டுச் செடிக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுத்த வேரையும் அமுங்கிய தண்டையும் கத்தியை நெருப்பில் காட்டி நறுக்கி எறிந்தோம். பட்டைகளின் இடுக்கில் வெள்ளையாகப் படிந்திருந்த மாவுப்பூச்சியைச் சோப்பு நீரில் தோய்த்த துணியால் துடைத்தோம். நல்ல பட்டைகளில் கைநீளத் துண்டுகள் சிலவற்றை வெட்டி, வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும்வரை ஒரு வாரம் போல நிழலில் கிடத்தினோம்; ஈரத்தோடு நட்டால் அழுகும். அடியில் துளையிட்ட மண் தொட்டியில் செங்கல் நொறுக்கு, ஆற்று மணல், மக்கிய இலை, கொஞ்சம் செம்மண் கலந்து, பழைய செடியில் மிஞ்சியதை ஒன்றிலும் துண்டுகளை வேறு சிலவற்றிலுமாக நட்டு, சில நாட்களுக்குத் தண்ணீர் காட்டவே இல்லை. அந்த அம்மாளுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமான விரதமாக இருந்தது.

இங்கே தத்துவம் படித்தவர்களைக் கேட்க ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. உயிர்களின் தோற்றத்தை முட்டை, வேர்வை, வித்து, கருப்பை என்று நான்காக வகுத்தார்கள். தொல்காப்பியரும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று கணக்கில் சேர்த்தார். அப்படியானால் இந்தப் பட்டைத் துண்டில் இருக்கும் ஜீவன் எது? சிவாஜிநகரில் இச்செடி வீட்டுக்கு வீடு பரவியது விதையாலன்று. ஒருத்தி முறித்துக் கொடுக்க மற்றொருத்தி நட்டு, மணமாகிப் போகும் பெண்கள் புக்ககத்துக்கு எடுத்துப் போய்ப் பரவியது. ஜீவன் அகண்டம், துண்டுபடாதது என்றால், ஒரு தண்டு பத்துத் தொட்டியில் பத்துச் செடியாகும்போது பழைய ஜீவன் எந்தத் தொட்டியில் இருக்கிறது? புதிதாக ஒன்பது ஜீவன்கள் வந்து புகுந்தன என்பதே ஆஸ்திகர் சொல்லக்கூடிய விடை. தாவரமும் ஜீவனும் பற்றி ஜைனர்கள் இன்னும் நுட்பமாகப் பேசியிருக்கிறார்கள். பல ஜீவன்கள் ஒரே உடலைப் பகிர்ந்துகொள்ளும் தாவரங்கள் உண்டு என்பது அவர்கள் கொள்கை. என் மனம் அவர்கள் பக்கமே சாய்கிறது. அந்த அம்மாளோ இவ்வளவு குழப்பத்துக்கு இடமே தரவில்லை. “எல்லாம் அதே செடிதான் சார், எங்க மாமியார் வெச்சது” என்று முடித்துவிட்டார்.

பெயர் தவறிய பூவுக்குக் கற்பூரம் காட்டுவது வழிபாடாகுமா என்ற கேள்விக்கு என் விடை, ஆகும் என்பதே. தெய்வத்தின் அளவில் அதில் குறை காண நமக்கு அதிகாரமில்லை. பிரம்மகமலம் என்ற பெயரையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ‘இந்தச் செடியை நான் வழிபடுகிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, அதன் வேரின் நிறம் தெரிந்தவர்களுக்கே உண்டு. பூத்த இரவில் வந்து நின்றவர்கள் வழிபட்டது தங்கள் மனத்திலிருந்த திருமாலை. அதுவும் நல்லதுதான், செடிக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டு மாடிப்படியோரத்திலும் இப்படி ஒரு டின் இருக்குமானால், கோடை மழை தொடங்குமுன் அதை ஒருமுறை கவிழ்த்து வேரைப் பாருங்கள். காலை வெயில் படும்படியும் உச்சி வெயில் படாதபடியும் வையுங்கள். விரலை மண்ணில் விட்டு, ஈரம் இல்லையென்று கண்டபிறகு தண்ணீர் ஊற்றுங்கள். அபிஷேகப் பாலுக்கு வேறு இடம் பாருங்கள். அரும்பு கட்டிய பிறகு தொட்டியை இடம் மாற்ற வேண்டாம், அரும்பு உதிர்ந்துவிடும். பூ விரியும் இரவில் கற்பூரத் தட்டை ஒரு முழம் தள்ளியே காட்டுங்கள். கிட்டக் கொண்டுபோனால் இதழ் கருகும்.